நோட்டரியா, சாட்சியா? ஆவணத்தில் கையெழுத்துப் போடும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணம் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், இந்தக் கேள்வி என்னிடம் வராத வாரமே இல்லை: "நோட்டரிகிட்ட போகணுமா, இல்ல ரெண்டு பேர் சாட்சி போட்டா போதுமா?" கேட்பவர் ஒரே வரியில் பதில் எதிர்பார்ப்பார். அது உயிலா, பவர் பத்திரமா, அபிடவிட்டா (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்), எந்த நாட்டில், யாரிடம் அதை நீட்டப் போகிறீர்கள் என்று தெரியாமல் பதில் சொன்னால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். ஒரே குடும்பத்தின் சொத்து ஒரு நாட்டிலும் பிள்ளைகள் வேறு நாடுகளிலும் இருப்பது சாதாரணமாகிவிட்டது. அதனால் பல நாட்டுச் சட்டங்களையும் தொட்டுத்தான் சொல்கிறேன்.

நோட்டரி செய்வது என்ன, சாட்சி செய்வது என்ன?

நோட்டரி அரசாங்கத்தின் அதிகாரம் பெற்றவர். இந்தியாவில் 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்படி மத்திய அரசோ மாநில அரசோ அவரை நியமிக்கிறது. உங்கள் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார், உங்கள் முகத்தோடு ஒப்பிடுவார், நீங்களாக விரும்பித்தான் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று கேட்பார். தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கையெழுத்தும் முத்திரையும் வைப்பார். "இன்ன தேதியில் இன்னார் என் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார்" என்பதுதான் அந்த முத்திரைக்கு அர்த்தம்.

சாட்சிக்குப் பதவி கிடையாது, முத்திரை கிடையாது. நீங்கள் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்ப்பதும், பின்னால் சண்டை வந்தால் நீதிமன்றத்துக்கு வந்து பார்த்ததைச் சொல்வதும்தான் அவர் வேலை. நோட்டரி உங்களைச் சில நிமிடம் பார்த்தவர். சாட்சி உங்களை வருடக்கணக்கில் தெரிந்தவராக இருக்கலாம். "அன்றைக்குப் பெரியவர் தெளிவாக இருந்தாரா, பக்கத்தில் நின்று யாராவது மிரட்டினார்களா?" என்ற கேள்வி எழும்போது, பதில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் சாட்சிதான்.

ஆக, கையெழுத்துப் போட்டவர் யார் என்ற சந்தேகத்தைத் தீர்ப்பவர் நோட்டரி. எந்த நிலையில் போட்டார் என்ற சந்தேகத்தைத் தீர்ப்பவர் சாட்சி. ஒருவர் இருப்பதால் இன்னொருவர் வேண்டாம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. சட்டம் அப்படி எழுதி வைத்திருந்தால் மட்டுமே செல்லும்.

நோட்டரி சீல் இருந்தால் உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று ஆகிவிடுமா?

இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஆகாது. பொய்யான விஷயம் எழுதிய தாளிலும் கையெழுத்து உண்மையாக இருக்கலாம், நோட்டரி கையெழுத்துக்குத்தான் பொறுப்பு. பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி போன்ற நாடுகளில் நோட்டரி என்ற சொல்லே வேறு ஆளைக் குறிக்கும். அங்கே அவர் சட்டம் படித்துத் தனிப் பயிற்சி பெற்ற அதிகாரி. ஆவணத்தை அவரே எழுதுவார், இரு தரப்புக்கும் படித்து விளக்குவார். அந்த நாடுகளிலிருந்து "நோட்டரி ஆவணம் வேண்டும்" என்று கேட்டால், பக்கத்துத் தெரு நோட்டரியின் முத்திரையோடு போய் நிற்காதீர்கள். என்ன வடிவத்தில் வேண்டும் என்று அங்கிருந்தே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டில் எது வலு அதிகம்?

இந்தக் கேள்வியே மக்களை வழி தவறச் செய்கிறது என்பது என் கருத்து. பெரிய முத்திரையைப் பார்த்ததும் மனசு அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதிக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு பெண் தன் அப்பாவின் உயிலைக் கொண்டுவந்தார். நல்ல கெட்டித் தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெரியவரின் கையெழுத்து. "சுய நினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும்" என்ற வழக்கமான வாசகம் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு முத்திரை, அதன்மேல் நோட்டரியின் கையெழுத்து, பதிவேட்டு எண். அதற்குக் கீழே "சாட்சிகள்" என்று தட்டச்சு செய்து 1, 2 என்று எண் போட்டிருந்தது. 1க்கு எதிரே ஒரு கையெழுத்து. 2க்கு எதிரே வெறும் புள்ளிக்கோடு.

இரண்டாவதாக வர வேண்டியவர் அன்றைக்கு வரவில்லையாம். "நோட்டரி சீலே விழுந்தாச்சு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கூட இருந்தவர் யாரோ சொல்லியிருக்கிறார். இந்தியச் சட்டம் உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சி கேட்கிறது. அதைச் சொன்னதும் அந்தப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் எங்காவது இன்னொரு கையெழுத்து இருக்குமோ என்று. எழுதிய அப்பா இல்லை. அந்தப் புள்ளிக்கோட்டை இனி யாராலும் நிரப்ப முடியாது. தன் மகளுக்கென்று அவர் எழுதிய வீடு, கடைசியில் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகப் பிரிந்தது.

அதனால் "எது வலு?" என்று என்னிடம் கேட்டால், "இந்த ஆவணத்துக்குச் சட்டம் எதைக் கேட்கிறதோ அதுதான் வலு" என்றே சொல்வேன்.

உயிலுக்கு எது தேவை?

நாட்டுக்கு நாடு மாறும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிழை நடந்தால் திருத்த ஆள் இல்லாமல் போகும் ஒரே ஆவணம் இது.

இந்தியாவில் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. குறைந்தது இரண்டு சாட்சிகள். ஒவ்வொருவரும் உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் ஒன்றாக உட்கார வைத்து முடிப்பதையே நான் வற்புறுத்துவேன். நோட்டரி தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும்.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மோசடிகளைத் தடுக்க வந்தது. நம் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லும் சட்டம் அது. நொத்தாரிசு (அங்கே நோட்டரியை அப்படித்தான் சொல்வார்கள்) முன்னிலையில் எழுதினால் அவரோடு இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஒரு நொத்தாரிசு இல்லாத இடத்தை இன்னும் மூன்று பேரின் கண்கள் நிரப்புகின்றன.

இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டின் உயில் சட்டம்தான் இன்னும் அடிப்படை. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அருகில் இருந்தாக வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த வழியிலேயே நடக்கின்றன. இந்தியாவிலும் மலேசியாவிலும் முஸ்லிம்களின் உயிலுக்கு இந்த விதிகள் பொருந்தாது, அதற்கு அவர்களுடைய சமயச் சட்டம் தனியாக இருக்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் இரண்டு சாட்சி கேட்கின்றன. கொலராடோவிலும் வடக்கு டகோட்டாவிலும் சாட்சிகளுக்குப் பதிலாக நோட்டரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். லூசியானாவிலோ நோட்டரி உயிலுக்கு நோட்டரியும் வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். பல மாநிலங்களில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு: உயிலோடு சேர்த்து, எழுதியவரும் சாட்சிகளும் நோட்டரி முன் ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்துவிடலாம். பின்னால் சாட்சிகளைத் தேடிப் பிடித்து நீதிமன்றத்துக்கு அழைத்து வரும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மூன்று வழி. நோட்டரி எழுதும் உயில், முழுவதும் சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்திட்ட உயில், இரண்டு சாட்சிகள் முன் போட்ட உயில். மூன்றும் செல்லும். ஆனால் எழுதியவர் இறந்தபிறகு நோட்டரி உயிலை மட்டும் தனியாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

யாரைச் சாட்சியாக வைக்கலாம்?

வயது வந்தவர், சுயநினைவுள்ளவர், அந்த ஆவணத்தால் ஒரு பைசா லாபமும் இல்லாதவர். உயிலில் பங்கு வாங்குபவரையோ அவருடைய கணவர் அல்லது மனைவியையோ சாட்சி போட வைக்காதீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி அப்படிச் செய்தால் உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இந்துக்களின் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், பங்கு வாங்குகிறவரே வந்து "நான் பார்த்தேன்" என்று சொன்னால் எந்த நீதிபதிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அப்புறம் வயது. எழுபது வயதுக்காரரின் உயிலுக்கு எழுபத்தைந்து வயது நண்பர் இருவர் சாட்சி போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அன்பு புரிகிறது. ஆனால் உயில் பேச வேண்டிய நாளில் சாட்சியும் இருக்க வேண்டுமே. உங்களைவிட இளையவராக, விலாசம் எளிதில் மாறாதவராக ஒருவராவது இருக்கட்டும். குடும்ப மருத்துவர் சம்மதித்தால் இன்னும் நல்லது, மனநிலை பற்றி அவர் சொல்வதற்கு எடை உண்டு.

நோட்டரியே ஒரு சாட்சியாகவும் கணக்கில் வருவாரா?

சில இடங்களில் வருவார். நியூயார்க்கில் 2021 முதல் பவர் பத்திரத்துக்கு நோட்டரியும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், அந்த இருவரில் ஒருவராக நோட்டரியே இருக்கலாம். ஃபுளோரிடாவிலும் அவர் சாட்சியாகக் கையெழுத்துப் போடத் தடையில்லை.

இந்தியாவில் இதை நம்பி இறங்க வேண்டாம். சாட்சி என்பவர் "கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று உறுதி சொல்லவே போடுகிறேன்" என்ற எண்ணத்தோடு போட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1969இல், அப்துல் ஜப்பார் சாகிப் வழக்கில் சொன்னது. எழுதியவர் என்ற முறையிலோ, ஆளை அடையாளம் காட்டியவர் என்ற முறையிலோ, பதிவு அதிகாரி என்ற முறையிலோ போட்ட கையெழுத்து சாட்சிக் கையெழுத்து ஆகாது. நோட்டரி தன் பதவிக்காகப் போடும் கையெழுத்துக்கும் இதே ஆபத்து உண்டு. மேலே சொன்ன உயிலில் அந்தப் பெண்ணின் கடைசி நம்பிக்கையும் இந்த இடத்தில்தான் உடைந்தது. இரண்டு சாட்சி என்றால் நோட்டரி போக இரண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அபிடவிட்டுக்கு?

சத்தியம் செய்துவைக்கும் அதிகாரம் உள்ளவர் வேண்டும். நோட்டரி, உறுதிமொழி ஆணையர், மாஜிஸ்திரேட் என்று நாட்டுக்கேற்ப மாறும். சாட்சிகள் பத்துப் பேர் போட்டாலும் அது அபிடவிட் ஆகாது. முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவர் முன்னால்தான் போட வேண்டும்.

பவர் பத்திரத்துக்கு?

இங்கே நோட்டரியின் பக்கம் எடை கூடுகிறது. உங்கள் பெயரில் இன்னொருவர் வங்கியிலோ அலுவலகத்திலோ போய் நிற்கப் போகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களைப் பார்த்ததே இல்லை. "இது நிஜமாகவே அவர் கொடுத்த அதிகாரமா?" என்பதுதான் அவருக்கு வரும் சந்தேகம். இந்தியாவில் நோட்டரி முன் எழுதிச் சான்றளிக்கப்பட்ட பவரை உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய விலக்கு. அந்தப் பவரை வைத்து உங்களுக்காக ஒருவர் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்றால், 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைப் பாருங்கள். நீங்கள் இந்தியாவில் வசித்தால் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்னிலையில் எழுதிச் சான்று பெற வேண்டும், நோட்டரி போதாது. நீங்கள் வெளிநாட்டில் வசித்தால் அங்குள்ள நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ எழுதலாம்.

வீடு, நிலம் கைமாறும் பத்திரங்களுக்கு?

இந்தியாவில் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, தானப் பத்திரத்துக்குப் பதிவும் வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். எழுத்து மூலமான அடமானப் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சிகள். விற்பனையை நடத்திவைப்பது பதிவுதான். நோட்டரி முன் விற்பனை ஒப்பந்தமும் பவரும் எழுதிக்கொண்டு "வீட்டை வாங்கிட்டோம்" என்று நிம்மதியாக இருப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். அந்த வழியில் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இலங்கையில் இதற்கு நேர்மாறு. நில உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுத நொத்தாரிசு இல்லாமல் முடியாது, அவரோடு இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்.

கைமாற்றுக் கடன், வாடகை ஒப்பந்தம் மாதிரி சின்ன விஷயங்களுக்கு?

பொதுவாக இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாலே ஒப்பந்தம் செல்லும். இரண்டு சாட்சி இருந்தால் "அது என் கையெழுத்தே இல்லை" என்ற பேச்சு வராது. பணம் எண்ணிக் கொடுத்ததைப் பார்த்தவரையே சாட்சியாக வையுங்கள்.

வேறு நாட்டில் காட்ட வேண்டிய ஆவணம் என்றால்?

அந்நிய நாட்டு அலுவலருக்கு உங்கள் சாட்சி யாரென்று தெரியாது, நோட்டரியைத்தான் கேட்பார். அந்த நோட்டரி நிஜமான நோட்டரியா என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் அப்போஸ்தில். 1961இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி தரப்படும் சான்று அது. நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று அந்த நாட்டு அரசு ஒரு சான்று ஒட்டிக் கொடுக்கும். உள்ளே எழுதியிருப்பதற்கு அதுவும் பொறுப்பேற்காது. இந்தியாவில் 2005இலும், சிங்கப்பூரில் 2021இலும், கனடாவில் 2024 ஜனவரியிலும் இது நடைமுறைக்கு வந்தது. ஆவணம் புறப்படும் நாடு, போய்ச் சேரும் நாடு இரண்டும் உடன்படிக்கையில் இருந்தால்தான் இந்த வழி. இல்லையென்றால் தூதரகச் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வெளிநாட்டில் உட்கார்ந்து இந்தியாவிலுள்ள வீடு, நிலத்துக்கு உயில் எழுதினால், நோட்டரி, அப்போஸ்தில் எல்லாம் முடித்த பிறகும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது மாறுவதில்லை.

வீடியோ அழைப்பில் சாட்சி பார்த்தால் போதுமா?

பல இடங்களில் போதாது. இங்கிலாந்தில் கொரோனா காலத்துக்காக 2020 ஜனவரி 31 முதல் 2024 ஜனவரி 31 வரை உயிலுக்கு வீடியோ சாட்சியை அனுமதித்தார்கள், பிறகு அது முடிந்துவிட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2012 முதல் இணைய வழி நோட்டரி இருக்கிறது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இந்தியாவில் உயிலுக்கு மின்கையொப்பமே செல்லாது.

கையெழுத்துப் போடத் தெரியாதவர், கண் தெரியாதவர் எழுதிக் கொடுக்கலாமா?

தாராளமாக. கைநாட்டு செல்லும். ஆனால் இங்கேதான் சாட்சி மிகவும் தேவைப்படுகிறார். முழு ஆவணத்தையும் அவருக்குப் புரியும் மொழியில், சாட்சிகள் காது கேட்க, வரி விடாமல் வாசியுங்கள். "என்ன எழுதியிருக்கு, நீங்களே சொல்லுங்க பாட்டி" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வையுங்கள். பிறகு "படித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு கைநாட்டு வைத்தார்" என்ற வரியைச் சேர்த்து, வாசித்தவரும் கையெழுத்துப் போடட்டும். யாரோ ஒருவர் விரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்திவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெற்றிடங்களைக் கோடிட்டு அடையுங்கள். திருத்தம் இருந்தால் பக்கத்திலேயே சுருக்கொப்பம். எல்லாரும் ஒரே அறையில் உட்காருங்கள். சாட்சி வாசலில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தால் அவர் உள்ளே வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள். "நீங்க போடுங்க, நான் அப்புறம் போட்டுக்கறேன்" என்பவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று, "நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?" என்பது.

சாட்சி பின்னால் இறந்துவிட்டாலோ, ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ?

ஆவணம் செத்துவிடாது. இந்தியாவில் உயிலை நிரூபிக்க, உயிரோடு இருந்து வரக்கூடிய சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். யாருமே கிடைக்காவிட்டால், சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தாவது அவருடையதுதான் என்றும், எழுதியவரின் கையெழுத்து அவருடையதுதான் என்றும் வேறு வழியில் காட்டலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்திலும் தொடர்கிறது.

அதனால் சாட்சியின் வெறும் கிறுக்கலோடு நிறுத்தாமல் முழுப் பெயர், தந்தை பெயர், விலாசம், வயது எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதிய நாலு வரி, பிற்பாடு அவருடைய கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். சாட்சி உங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்று தெரியவந்தால், நீங்கள் நன்றாக இருக்கும்போதே புதிய இரண்டு சாட்சிகளோடு உயிலைத் திரும்ப எழுதிவிடுங்கள். பழையதை ரத்து செய்வதாகப் புதியதில் ஒரு வரி எழுத மறக்காதீர்கள்.